பசியாறாத கல்

விஜிலென்ஸ் அத்தியப்பனுக்குச் சந்தேகப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் கொடுத்தார்கள். மனுஷன் வாங்கிய சம்பளத்துக்கு மேலேயே உழைத்தார் என்பதுதான் கரட்டூர்க்காரர்களின் வயிற்றெரிச்சல். ஷிப்டு முடிந்து வருகிறவர்களை ஆலை வாசலில் நிறுத்துவார். டிபன் கேரியரைத் திறக்கச் சொல்லி, அடியில் மிஞ்சிக் கிடக்கும் ரசத்தைக் கரண்டியால் கலக்கிப் பார்ப்பார். ரசத்துக்குள்ளே யாராவது இரும்பை வைத்துக் கொண்டுபோவார்களா என்று ஒருவன் கேட்டுவிட்டான். ரசத்துக்குள்ளே வைக்க முடியாதது தண்டவாளம் ஒன்றுதான் என்று இவர் சொன்னாராம். அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை, தாங்களே மூடியைத் திறந்து நீட்டிவிடுவார்கள்.

ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அத்தியப்பனின் ஜீப் தெருவுக்குள் திரும்பியதும் முதல் வீட்டுக்காரி மாட்டை அதட்டுகிற மாதிரி ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரல் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், ஆலையிலிருந்து வந்த சாமான் எதுவானாலும் ஊர்க்கிணற்றுக்குள் விழுந்திருக்கும். பித்தளை புஷ், செம்புக் கம்பி, நட்டு, போல்டு எல்லாவற்றுக்கும் கிணறுதான் கதி. கிணற்றுக்குள் கிடப்பது யார் வீட்டுச் சாமான் என்று எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. ஆகவே கனத்தைக் கிணற்றில் போட்டுவிடு என்பது கரட்டூர்ச் சட்டம். ஊருக்கும் ஆலை குவார்ட்டர்ஸ் குழாய்களுக்கும் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவதும் அதே கிணற்றிலிருந்துதான். ஒரு கோடையில் தூர் வாரியபோது வெளியே வந்த சாமான்களைப் பார்த்து அத்தியப்பனே அசந்துபோய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கரட்டூர் இருப்பது சேலத்துக்கு மேற்கே, பால்கரடு என்கிற வெள்ளைக் குன்றின் அடிவாரத்தில். குன்றுக்கு அந்தப்பக்கம் வடகரை ஸ்பெஷல் ஸ்டீல் ஆலை. ஹைட்ரஜன் ரயில்கள் ஓடத் தொடங்கிய காலம் அது. அந்த ரயில்களின் தொட்டிகளுக்கு வேண்டிய எஃகை நாட்டிலேயே வடகரை ஆலைதான் வார்த்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு யோகம் வந்ததற்குக் காரணம் ஒரு கல்.

எஃகை உருக்கும்போது அதிலிருக்கும் அழுக்கைப் பிரிப்பதற்கு ஒரு கல்லைப் போடுவார்கள். பாடப்புத்தகத்தில் அதற்கு இளக்கி என்று பெயர், ஆலையில் ஃப்ளக்ஸ் என்பார்கள். போட்ட கல் உருகி, அழுக்கையெல்லாம் தன்பக்கம் இழுத்துக்கொண்டு மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்துக் கொட்டினால் கசடு. முன்பெல்லாம் இந்தக் கல் கப்பலில் வந்துகொண்டிருந்தது. கடலில் சண்டை வந்து கப்பல் நின்றதும், ஆலையின் லேப் தலைவி டாக்டர் ஞானசுந்தரி பக்கத்திலிருக்கும் பால்கரட்டிலேயே கல் தேட ஆரம்பித்தார். மேக்னசைட் தோண்டுகிறவர்கள் எதற்கும் உதவாது என்று ஒதுக்கிக் குவித்திருந்த ஒரு வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்து உலையில் போட்டுப் பார்த்தார். எஃகிலிருந்த பாஸ்பரஸ் துடைத்தெடுத்தாற்போலக் காணாமல் போனது. பாஸ்பரஸ் கொஞ்சம் தங்கினாலும் எஃகு குளிரில் கண்ணாடியாட்டம் உடையும். இந்தக் கல் போட்ட எஃகு உடையவே மாட்டேன் என்றது. ஆர்டர்கள் குவிந்தன.

அந்த மார்கழியில் ஒருநாள் ஜெனரல் மேனேஜர் சபேசன் அத்தியப்பனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பேசினார். ரயில் கம்பெனியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர், லேபில் சேமித்து வைத்திருக்கும் பழைய கசடு மாதிரிகளை எடுத்துத் திரும்பச் சோதித்திருக்கிறார். எஃகிலிருந்து பிரிந்த பாஸ்பரஸை விட, கசட்டில் இருக்கும் பாஸ்பரஸ் அதிகமாக இருக்கிறது.

"கறந்தது ஒரு படி. குடத்துல ஒண்ணரைப் படி இருக்கு. யாரோ என்னமோ ஊத்தியிருக்கான். யாருன்னு எனக்குத் தெரியணும்," என்றார் சபேசன்.

போட்டிக் கம்பெனிக்காரன் ஆள் வைத்து மாதிரிகளை மாற்றுகிறான் என்பது அவர் கணக்கு. நம் மாதிரியைத் திருடி ரகசியத்தைத் தெரிந்துகொண்டு, வேறு எதையோ ஜாடியில் போட்டு வைக்கிறான். ஆகவே இனிமேல் கசட்டில் ஒரு சிட்டிகைகூட ஆலையை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவும் போட்டார்.

இந்த உத்தரவுதான் சங்கடம். பால்கரட்டுக் கல்லின் கசடு ஆறினதும் தானாகவே பொடிந்து மாவாகிவிடும். அரிசி மாவு தோற்றுப்போகிற வெண்மை. தண்ணீரில் கரைத்தால் பாலாட்டம் இருக்கும். விரலை அதில் தோய்த்துக் கோலம் போட்டால் காய்ந்தபின் பளிச்சென்று நிற்கும், மழைக்கும் அழியாது, எறும்பும் கிட்டே வராது. கரட்டூரில் கோலமாவு விற்கிறவன் கடையை மூடிவிட்டான். ஆலைக்குப் போகிற ஒவ்வொருவன் டிபன் கேரியரிலும் அடியடுக்கில் அந்தப் பொடி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அத்தியப்பனுக்கும் தெரியும், குப்பைதானே என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இப்போது அந்தக் குப்பை ரகசியமாகிவிட்டது.

அத்தியப்பன் வீட்டு வாசலிலும் அந்தக் கோலம்தான். அவர் மனைவி மைனாவதி குவார்ட்டர்ஸிலேயே கோலத்தில் பேர் வாங்கினவள். அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கோயில், குளம், ஈரோட்டு ஆஸ்பத்திரி என்று அலைந்து, இனிமேல் இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு தங்கிய கரு. இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட வேண்டும். அத்தியப்பன் உலகத்தில் எதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார், இதை மட்டும் இரண்டு கையையும் கூப்பி வேண்டிக்கொண்டார். குனிந்து நிமிர்ந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று யாரோ சொன்னதால் மைனாவதி விடியற்காலையில் சாணி தெளித்து வாசலடைக்கக் கோலம் போட்டாள். கிண்ணத்தில் கரைத்த பொடி அவளுக்கு எப்படி வருகிறது என்று மட்டும் அவர் கேட்கவேயில்லை.

விசாரணை தொடங்கியது. கசடு மாதிரியைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். உலையிலிருந்து நீளக் கரண்டியால் அள்ளிக் கொண்டுவருகிற சென்றாயன் ஒருவன், அதைச் சோதித்து ஜாடியில் போட்டு அடுக்குகிற ஞானசுந்தரி மற்றவர். அத்தியப்பன் இருவரையும் சந்தேகப்பட்டார். டாக்டர் பட்டம் வாங்கினவர் திருட மாட்டார் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லையே? மாதிரி அலமாரிக்குத் தன் பூட்டைப் போட்டு, அரக்கு முத்திரையும் வைத்தார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். குளிக்கும்போதுகூட அவிழ்க்கவில்லை.

சில நாள் கழித்துப் பூட்டைத் திறந்து சோதிக்கச் சொன்னார். மேல்தட்டு ஜாடிகளில் ஒரு மாற்றமும் இல்லை. கீழ்த்தட்டு ஜாடிகளில் பாஸ்பரஸ் இன்னும் ஏறியிருந்தது. அரக்கு உடையவில்லை. ஞானசுந்தரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஏன் கீழ்த்தட்டு மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அத்தியப்பனுக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. குனிந்து திருடுவது சுலபம் என்பதாலிருக்கும் என்று நினைத்தார்.

அன்று சாயங்காலம் ஆலை வாசலில் சென்றாயனின் டிபன் கேரியரைத் திறந்தார். அடியடுக்கில் வெள்ளைப் பொடி இருந்தது.

"கோலத்துக்குங்க சார். வீட்டுல கேட்டா," என்றான் சென்றாயன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எல்லோரும் எடுத்துப் போவதைத்தான் அவனும் எடுத்திருந்தான்.

அத்தியப்பன் சிரிக்கவில்லை. சென்றாயனை சஸ்பெண்ட் செய்து உத்தரவு வாங்கினார். மறுநாள் காலை அவன் மனைவி சாந்தாமணி குவார்ட்டர்ஸுக்கு வந்து வாசலில் நின்றாள். மைனாவதி போட்டிருந்த கோலத்தைப் பார்த்தாள், அத்தியப்பனைப் பார்த்தாள், மறுபடி கோலத்தைப் பார்த்தாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். பொடியை மைனாவதிக்குக் கொடுத்துவந்தவள் சாந்தாமணிதான் என்பது அப்போதுதான் இவருக்கு உறைத்தது. உறைத்ததை விழுங்கிவிட்டு டூட்டிக்குப் புறப்பட்டார்.

அதற்கப்புறம்தான் சொந்த வீட்டுக்குள்ளேயே சந்தேகம் நுழைந்தது. மைனாவதி ஸ்பூனால் சோறு சாப்பிட்டாள். புடவைக் கொசுவத்தை இடது கையால் செருகினாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். வியாழக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டவள், கோயில் பக்கம் போகாமல் சங்ககிரி பஸ்ஸில் ஏறினாள். அத்தியப்பன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பஸ்ஸை விட்டுவிடவில்லை.

அவள் இறங்கி நுழைந்தது ஓர் எலும்பு டாக்டரின் கிளினிக். கொஞ்ச நேரம் பொறுத்து அத்தியப்பனும் உள்ளே போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். பெஞ்சு முழுக்கக் கரட்டூர்ப் பெண்கள். அத்தனை பேருக்கும் வலது கையில் கட்டு. இவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும், வகுப்பில் வாத்தியார் நுழைந்த மாதிரி, எல்லோரும் ஒரே சமயத்தில் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்தவள் சாந்தாமணி. ஒரு கூட்டமே சேர்ந்து எதையோ மறைக்கிறது என்றுதான் அவர் புத்தி முதலில் ஓடியது. அடிதடியா, களவா, எந்தச் சுவர் ஏறிக் குதித்தார்கள் என்றெல்லாம் நினைத்தார்.

மைனாவதி டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்தாள். இவரைக் கண்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. உள்ளங்கையில் விரல் எலும்பு இரண்டு, சப்பாத்தி மாவு பிசையும்போது முறிந்துவிட்டதாம். சொல்லாமல் மறைத்தது ஏன் என்று கேட்டார்.

"உங்ககிட்டச் சொன்னா என்னாகும்? யாரு கையை முறுக்குனான்னு என்னையவே நிக்க வெச்சு விசாரிப்பீங்க. சத்தம் போட்டு அழுகக்கூடப் பயமா இருக்குதுங்க எனக்கு."

 அவள் சொன்னது நிஜம்.

டாக்டர் அவரை உள்ளே அழைத்து எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் காட்டினார். எல்லோருக்கும் எலும்பு டீயில் நனைந்த பொரையாட்டம் இருக்கிறது என்றார். அதே ஊர், அதே தண்ணீர், அதே அரிசி, ஆனால் ஆம்பிளைகளுக்கு ஒன்றுமில்லை. பெண்களுக்கு மட்டும், அதிலும் வலது கையிலிருந்து தொடங்குகிறது. ஏதோ ஒன்று உடம்பிலிருந்து பாஸ்பரஸை இழுக்கிறது. என்னவென்று தனக்குப் பிடிபடவில்லை. மைனாவதியின் வயிற்றுப் பிள்ளையின் எலும்பு இப்போதைக்குத் தேறிவிடும் நிலைமையில்தான் இருக்கிறது, இழுப்பது உடனே நின்றால். நிற்காவிட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று கையை விரித்தார். நன்றாகச் சாப்பிடச் சொன்னார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்.

பாஸ்பரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தியப்பனின் காது நிமிர்ந்தது. வெளியே வந்து, மைனாவதியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. அவருடைய உத்தியோக வாழ்க்கையில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறார். ஒரு பொடியைச் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக் கிண்ணத்திலிருந்த கோலப்பாலை அப்படியே தூக்கிக்கொண்டு லேபுக்குப் போனார். ஞானசுந்தரி கீழ்த்தட்டு ஜாடிகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரை துடைக்கிற தண்ணீர் தெறித்துக் கீழ்த்தட்டு ஜாடிகளுக்குள் கசிந்திருப்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். சோப்புத் தண்ணீரில் பாஸ்பரஸ் உண்டு. அத்தியப்பன் கிண்ணத்தைக் காட்டி, கிளினிக்கில் பார்த்ததைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. தன் மதியச் சாப்பாட்டில் மிச்சமிருந்த கோழிக்கால் எலும்பைக் கழுவிக் கோலப்பாலுக்குள் போட்டார். நாளைக்கு வாருங்கள் என்றார்.

மறுநாள் அந்த எலும்பை இடுக்கியால் எடுத்து மேஜைமேல் வைத்து, பென்சில் முனையால் லேசாகத் தட்டினார். உதிர்ந்துபோனது.

"அப்ப யாரும் ஜாடியை மாத்தலீங்களா மேடம்?"

"யாரும் மாத்தலை சார். அதுவே தின்னிருக்கு."

"கல்லு தின்னுமா?"

"உலையில நாம அதைப் போடறதே பாஸ்பரஸைத் தின்னத்தானே? மத்தக் கல்லெல்லாம் ஆறினதும் நிறுத்திக்கும். இது நிறுத்தலை. காய்ஞ்சு கிடந்தா தூங்குது, நனைஞ்சா முழிச்சுக்குது. அதனாலதான் ஆலையில கையுறை போட்டுக்கிட்டு உலர்ந்த பொடியைத் தொடறவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. கரைச்சு விரலைத் தோய்ச்சாங்க பாருங்க, அவங்களுக்கு நகக்கண் வழியா உள்ள போயிருக்கு. இரும்புக்குப் பாஸ்பரஸ் ஆகாது. எலும்புக்கு அது இல்லாம ஆகாது. அந்தக் கல்லுக்கு இரும்பும் எலும்பும் ஒண்ணுதான்."

"எப்பங்க அதுக்கு வயிறு ரொம்பும்?"

ஞானசுந்தரி உதிர்ந்த எலும்பைப் பார்த்துக்கொண்டே, இன்னும் தெரியவில்லை என்றார்.

இருவரும் சேர்ந்து சபேசனிடம் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்பு, ஒரு கோழிக்கால் எலும்பை நம்பி நாட்டின் ரயில் திட்டத்தை நிறுத்தச் சொல்கிறீர்களா என்றார். பொங்கலுக்குள் அனுப்பவேண்டிய சரக்கு போகட்டும், அப்புறம் நிபுணர் குழு போடலாம். அதற்குள் ஊரிலிருக்கும் பொடியையெல்லாம் அத்தியப்பன் திரும்ப வாங்கிவிட வேண்டும், காரணம் எதுவும் சொல்லக் கூடாது. திருட்டுச் சாமான் மீட்பு என்று சொன்னால் போதும் என்றார்.

அத்தியப்பன் சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். காரணத்தைச் சொல்வது என்று படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டார். வேலை போனால் போகட்டும். வீட்டுக்குப் போய் மிச்சப் பொடியை உலர்த்தித் தகர டப்பாவில் அடைத்து, ஈரம் படாமல் பரண்மேல் வைத்தார். வாசலில் காய்ந்திருந்த கோலத்தை ஈரம் காட்டாமல் சுரண்டி எடுத்தார். கொல்லையில் பூசணிக் கொடி அந்த மார்கழியில் ஒரு பூவும் வைக்காமல் நின்றது ஏன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் அவர் செய்த காரியத்தைத்தான் விதி என்று சொல்ல வேண்டும். ஊருக்கு நல்லது சொல்லப் போகிறவர் சும்மா நடந்து போயிருக்கலாம். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் அவள் கையைக் காட்டியிருக்கலாம். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. ஜீப்பில் ஏறினார், செக்யூரிட்டி ஆட்கள் இரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டார், காலிச் சாக்குகளையும் ரப்பர் கையுறைகளையும் எடுத்துப் போட்டுக்கொண்டு கரட்டூருக்குள் திரும்பினார். முதல் வீட்டுக்காரி மாட்டை அதட்டினாள். மாடு எதுவும் அங்கே இல்லை.

எந்த வீட்டிலும் பொடி இல்லை என்றார்கள். கையிலே கட்டோடு நின்றுகொண்டே இல்லை என்றார்கள். வாசலில் கோலம் பளபளக்கிறதே என்று கேட்டால், அது போன வருஷத்து அரிசிமாவு என்றாள் ஒருத்தி. அத்தியப்பன் ஒவ்வொரு வாசலிலும் நின்று கல்லின் கதையைச் சொன்னார். அது எலும்பைத் தின்கிறது, தண்ணீர் பட்டால் முழித்துக்கொள்கிறது, நனைக்காதீர்கள், தொடாதீர்கள் என்று தொண்டை வற்றச் சொன்னார். உதிர்ந்த கோழியெலும்பைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார், அதையும் பிரித்துக் காட்டினார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொடி எடுத்தான் என்று சென்றாயனின் வேலையைப் பிடுங்கி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. வீடு வீடாக வந்து பொடி இருக்கிறதா என்று கேட்கிறவனிடம் யார்தான் ஆமாம் என்பார்கள்?

சாந்தாமணி வாசலுக்கு வந்தாள். அவள்தான் வாயைத் திறந்து கேட்டாள்.

"நேத்து வரைக்கும் களவுன்னீங்க. இன்னைக்கு வெசம்ங்கறீங்க. நாளைக்கு என்னன்னு சொல்லுவீங்க சார்?"

"சாமி சத்தியமாச் சொல்றேன் சாந்தாமணி. என் பொண்டாட்டி வயித்துப் பிள்ளை மேல சத்தியம்."

சொல்லிவிட்டு அத்தியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். கரட்டூர் அந்த மாதிரி ஒரு காட்சியைக் கண்டதேயில்லை. கும்பிட்டதும்தான் ஊருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அதட்டுகிற அத்தியப்பனை அவர்களுக்குத் தெரியும், கும்பிடுகிறவருக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கேஸ் இருக்குமோ?

கட்டிலில் உட்கார்ந்திருந்த சென்றாயன் எழுந்து வந்தான். கோபமில்லாமல்தான் பேசினான். "எத்தனை வருஷமா உங்களைப் பாக்கறோம் சார். நீங்க ஒண்ணைச் சொன்னா அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு இருக்கும். போயிட்டு வாங்க."

காலிச் சாக்குகளோடு ஜீப் திரும்பியது.  சொன்னது பாதிப் பேர் காதிலாவது ஏறியிருக்கும், நாளைக்கு மைனாவதியைக் கூட்டிக்கொண்டு வந்து மறுபடி சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டார்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குழாயில் செம்பு நிறையத் தண்ணீர் பிடித்து மைனாவதியிடம் நீட்டினார். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தி, முழுதும் குடிக்க வைத்தார். நான் வருவதற்குள் இன்னொரு செம்பு குடித்திருக்க வேண்டும் என்றும் மிரட்டினார். அவள் செம்பைத் தூக்கிப் பார்த்து, குழாய்த் தண்ணீர் இன்றைக்குக் கண்ணாடியாட்டம் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. டூட்டிக்கு நேரமிருந்ததால், ஜீப்பை எடுக்காமல் தனியாக நடந்தே கரட்டூருக்குப் போனார்.

தெரு முனையில் அவருக்குக் கால் நின்றுவிட்டது. ஒரு வாசலிலும் கோலம் இல்லை. மார்கழி மாதம், விடிந்து வெயில் வந்துவிட்டது, பழைய கோலத்தையும் சுரண்டிவிட்டுச் சாணி தெளித்த வாசல்கள் வெறுமையாகக் கிடந்தன. நம்பிவிட்டார்கள்! சொன்னதை நம்பிவிட்டார்கள். அத்தியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சென்றாயனை இன்றைக்கே வேலையில் சேர்க்கச் சொல்ல வேண்டும், அவன் காலில் விழுந்தால்கூடத் தப்பில்லை என்று தோன்றியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவுக்குள் நடந்தார்.

ஊர்க்கிணற்று மேட்டில் பெண்கள் நின்றிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் யாரும் ஓடவில்லை. சாந்தாமணி இடுப்பில் குடத்தோடு முன்னால் வந்தாள். அவள் முகத்தில் நேற்று இல்லாத ஒரு தைரியம் இருந்தது.

"இன்னைக்கு எந்த வீட்டுல வேணும்னாலும் பூந்து பாத்துக்கோங்க சார். ஒரு சிட்டிகை கெடைக்காது."

"ரொம்ப சந்தோசம்மா. எங்க வெச்சிருக்கீங்க? ஈரம் படாத எடந்தானே?"

அவள் கிணற்றைப் பார்த்தாள்.

அத்தியப்பன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்தார். எத்தனையோ தடவை ரெய்டுக்கு வந்து எட்டிப் பார்த்த கிணறு, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அடி வரைக்கும் தெரிந்தது. ஒரு பாசி இல்லை. தூர் வாரினபோது தப்பின ஒரு பித்தளை புஷ் மின்னியது. அதன் பக்கத்தில் கெளுத்தி மீன்கள் வெள்ளைச் சேற்றின்மேல் அசையாமல் கிடந்தன.

"மூட்டை மூட்டையாக் கொட்டியாச்சுங்க. சுண்ணாம்பு மாதிரிதானே, தண்ணிக்கும் நல்லதுதான். பாருங்க, எப்படித் தெளிஞ்சிருக்குதுன்னு."

"மோட்டார் எப்பப் போட்டீங்க?" என்றார் அத்தியப்பன்.

"அது விடியறதுக்கு முன்னாடியே போட்டாச்சுங்களே. குவார்ட்டர்ஸ் டேங்குக்குத்தான் எப்பவும் மொதல்ல ஏறும்."

போனை எடுத்து அழுத்தினார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. மைனாவதி எடுத்தாள்.

"மைனா, குழாய்த் தண்ணியைக் குடிக்காதே. கொட்டிரு. வாயிலயே வெக்காதே!"

"ஏனுங்க, நீங்க சொன்னீங்கன்னு ரெண்டாவது செம்பும் இப்பத்தான் முடிச்சேன்," என்றாள் அவள். பிறகு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது. "ஆளுங்களை விட்டுப்போட்டு இப்பத் தண்ணியையும் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டீங்களா?"